நிறம் தீட்டும் முன் மட்டம் பாருங்கள்

தாமிரபரணிக் கடைமடைக்கு வெள்ள வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ். மாணவர்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்தின் பெயர் உங்கள் கல்லூரிகளில் அடிக்கடி அடிபடுகிறது என்று கேள்விப்படுகிறேன். கடைசி ஆண்டு ப்ராஜெக்ட், எம்.டெக். ஆய்வு, ஏதோ ஒரு தன்னார்வ அமைப்புக்கு அறிக்கை என்று சிலர் நேரிலேயே வருகிறீர்கள். வராமலே மடிக்கணினியில் வேலையை முடித்துக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். இரண்டு வகையிலும் கடைசியில் கைக்கு வருவது நீலத்தில் நாலைந்து சாயல் கொண்ட ஒரு படம். அடர்நீலத்தில் உள்ள தெரு மூழ்கும், வெளிர்நீலத்தில் உள்ளது கணுக்கால் அளவு, நிறம் ஏறாதது தப்பித்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த நீலத்துக்கு அடியில் கிடக்கும் உயர எண்களை யாராவது சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் மண்ணின் சாய்வைப் பற்றிக் கொஞ்சம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. வடகாலும் தென்காலும் இங்கிருந்துதான் பிரிந்து கடைமடைக் குளங்களுக்குப் போகின்றன. இங்கிருந்து ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் வரை நேர்கோட்டில் அளந்தால் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு மேலே இருபது மீட்டருக்குள். அதாவது கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் நிலம் ஒரு மீட்டர்கூட இறங்காது. இந்த இறக்கத்தை நம்பித்தான் நூற்றாண்டுகளாக இங்கே கால் வெட்டி, குளம் கட்டி, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்தாகும்படி கோத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் மட்டம் தவறினால் ஒரு ஊருக்குத் தண்ணீர் ஏறாது. எங்கள் பக்கத்துத் தண்ணீர்ச் சண்டைகளில் பாதி, மதகின் அடிமட்டத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில்தான் அந்த மழை விழுந்தது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்ய வேண்டியது ஒரு நாளில் பெய்தது. ஆறு பெருகியதோடு நின்றிருந்தால் 1992 நவம்பரைப் பார்த்தவர்களுக்கு அது அத்தனை புதிதல்ல. இம்முறை குளங்களும் சேர்ந்து உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிப் பக்கம் தண்ணீர் போனது உங்களுக்கும் தெரிந்த செய்தி. ஆற்றிலிருந்து ஒரு தண்ணீர், குளத்திலிருந்து ஒரு தண்ணீர், காட்டு வெள்ளம் ஒன்று என்று மூன்றும் ஒன்றோடொன்று மோதியபோது, எந்தத் தெரு மூழ்கும் எது தப்பும் என்பதை அரை மீட்டர், கால் மீட்டர் வித்தியாசம்தான் தீர்மானித்தது. படியில்லாத வீட்டுக்குள் இடுப்பளவு. இரண்டு படி வைத்துக் கட்டிய எதிர் வீட்டில் முழங்காலளவு.

அரை மீட்டரில் முடிவாகும் இந்த விஷயத்துக்கு நீங்கள் எடுத்துவரும் அளவுகோல் எது? இலவசமாக இறக்கிக்கொள்ளும் உயரத் தரவு, அதாவது டி.இ.எம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி ரேடாரில் அளந்த எஸ்.ஆர்.டி.எம்., 2005-இல் ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து ஐதராபாத் என்.ஆர்.எஸ்.சி. உருவாக்கிய கார்ட்டோடெம், ஜெர்மனியின் இரட்டை ரேடார் செயற்கைக்கோள்கள் அளந்ததிலிருந்து வந்த கோப்பர்நிக்கஸ். மூன்றும் பெரிய சாதனைகள், குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் அவற்றைச் செய்தவர்களே கூடவே ஒரு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு புள்ளிகளில் தொண்ணூறு எத்தனை மீட்டர் பிழைக்குள் அடங்கும் என்ற எண் அது. எஸ்.ஆர்.டி.எம்.முக்கு வகுத்த வரம்பு 16 மீட்டர், கார்ட்டோடெம்முக்கு 8, கோப்பர்நிக்கஸுக்கு 4. எங்கள் ஊர் போன்ற சமவெளியில் இதைவிட நன்றாகவே வரும் என்பது உண்மை. அப்படி வந்தாலும் மீட்டர்க் கணக்கில்தான் வரும். லாரி எடைமேடையில் மல்லிகைப் பூவை நிறுத்துவிட்டு, கிராம் வரைக்கும் ரசீது போட்டுக் கொடுப்பது போல இருக்கிறது உங்கள் நீலப் படம்.

எஸ்.ஆர்.டி.எம். கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் முழு மீட்டர். 11, 12, 12, 13. தசமப் புள்ளியே கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத நிலத்தில் இதன் அர்த்தம் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிக்சல் முப்பது மீட்டர். முப்பதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள் ஒரே எண்ணோடு கிடக்க வேண்டும், பிறகு ஒரு படி இறங்க வேண்டும். உண்மையில் கிடப்பதோ மேலும் கீழுமாக இரண்டு மூன்று மீட்டர் துள்ளும் எண்கள். மென்பொருள் அதில் ஓடை வரைந்து கொடுக்கும், பள்ளம் நிரப்பிக் கொடுக்கும், வடிநிலம் பிரித்துக் கொடுக்கும். அது வரைந்த ஓடையின் மேல் போய் நின்றால் அங்கே யாரோ ஒருவருடைய வாழைத்தோட்டத்தின் நடுவரப்பு இருக்கும்.

அடுத்தது, எந்தப் பூஜ்யத்திலிருந்து அளந்த உயரம் என்ற கேள்வி. இதில் நம் கடற்கரைக்கு ஒரு விசேஷம் உண்டு. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாததால், கடல் மட்டம் என்று நாம் சொல்லும் பரப்பு, அதாவது ஜியாய்டு, கணக்குக்காக வைத்துக்கொண்ட வழவழப்பான நீள்கோளத்திலிருந்து ஏறியும் இறங்கியும் இருக்கிறது. உலகத்திலேயே அது மிக ஆழமாக இறங்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே இறக்கம் 106 மீட்டர். ஏன் அப்படி என்பதற்கு 2023-இல்தான் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. ஆய்வாளர்கள் பூமியின் உள்ளே இருக்கும் சூடான பாறைப் பிழம்புகளை வைத்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். ஸ்ரீவைகுண்டத்தில் ஜியாய்டு நீள்கோளத்துக்குத் தொண்ணூறு மீட்டருக்கும் மேல் கீழே.

அதனால்தான் கார்ட்டோடெம் இறக்கியவர்கள் எங்கள் ஊர் கடலுக்கு எண்பது மீட்டர் அளவில் கீழே கிடப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அந்தத் தரவு நீள்கோளத்திலிருந்து அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். கொடுப்பதோ ஈ.ஜி.எம்.96 என்ற ஜியாய்டிலிருந்து. கோப்பர்நிக்கஸ் ஈ.ஜி.எம்.2008-லிருந்து. நீள்கோள உயரத்திலிருந்து ஜியாய்டு எண்ணைக் கழித்தால் கடல்மட்ட உயரம் வரும். இங்கே ஜியாய்டு எண்ணே மைனஸ் என்பதால், கழித்தால் கூடும். குறியை மாற்றிப் போட்டு மைனஸ் நூற்றெழுபது மீட்டரில் ஊரை வைத்த ஒரு ப்ராஜெக்ட் அறிக்கையும் என் கைக்கு வந்திருக்கிறது, யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பெரிய பிழையால் எனக்குக் கவலை இல்லை. எண்பது மீட்டர் தவறினால் குழந்தைக்கும் தெரியும், திருத்திவிடுவீர்கள். கவலை சின்னப் பிழையில். திருத்துகிறேன் என்று மொத்தமாக ஒரே எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஜியாய்டே மாறிக்கொண்டு போகிறது. இரண்டு ஜியாய்டு மாதிரிகளைக் கலந்தால் அதில் கொஞ்சம் வித்தியாசம். நீர்வளத் துறையின் பழைய வரைபடத்தில் உள்ள மட்டம் இந்திய சர்வே துறையின் பெஞ்ச்மார்க்கிலிருந்து வந்தது. அதன் பூஜ்யம், சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் கடல் மட்டத்தை அளந்து 1909-இல் நிலைநிறுத்தியது. அதற்கும் செயற்கைக்கோள் பூஜ்யத்துக்கும் இடையே இன்னும் கொஞ்சம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆழம் சொல்லும்போது பூஜ்யம், மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டி வைத்த சார்ட் டேட்டம். அது சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே. முத்துக்குளித்த காலத்தில் பாரின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொன்னவர்களுக்கு அன்றைய தண்ணீர்ப் பரப்பே பூஜ்யமாகப் போதுமாக இருந்தது, உங்களுக்குப் போதாது. இந்தக் கொஞ்சங்கள் எல்லாம் சேர்ந்தால் அரை மீட்டரைத் தாண்டிவிடும். அந்த அரை மீட்டரைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போகிற போக்கில் ஒன்று. பழைய துறைமுகமான கொற்கை கடலிலிருந்து இன்று ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. டி.இ.எம்.மில் கடலை ஐந்தாறு மீட்டர் ஏற்றிவிட்டு, சங்ககாலக் கடற்கரை இதுதான் என்று படம் போடுகிறார்கள். கடல் இறங்கியதால் மட்டும் கொற்கை உள்ளே போய்விடவில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும்தான் அந்த நிலம். இன்றைய தரையில் பழைய கடலை ஊற்றினால் வருவது வரலாறு அல்ல.

இனி வாழைக்கு வருகிறேன். ஆற்றின் இரு கரையிலும் ஏரல், ஆத்தூர் வரைக்கும் வாழையும் நெல்லும் மாறி மாறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரேடாரும் கேமராவும் மேலிருந்து பார்க்கின்றன. எஸ்.ஆர்.டி.எம்.மின் ரேடார் அலை இலைக்கூட்டத்துக்குள் கொஞ்சம் இறங்கும், தரையைத் தொடாது. கேமராவோ இலையின் முதுகோடு நின்றுவிடும். ஆகவே வாழைத்தோட்டம் பக்கத்து வயலைவிட இரண்டு மூன்று மீட்டர் மேடாகத் தெரியும். தென்னந்தோப்பு அதைவிட மேடு. உண்மையில் ஆற்றங்கரை வாழை பெரும்பாலும் தாழ்ந்த வண்டல் நிலத்தில்தான் இருக்கிறது, 2023-இல் முதலில் மூழ்கியதும் அதுதான். உங்கள் படத்தில் அந்த இடம் நிறம் ஏறாமல் வெள்ளையாக இருக்கும். ஊருக்குள் வந்தால் மரத்துக்குப் பதில் மாடி. கள்ளபிரான் கோயில் கோபுரமும் மதிலும் சேர்ந்து, முப்பது மீட்டர் பிக்சலில் கரைந்து, சந்நிதித் தெருவையே ஒரு மேடாக்கிவிடும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் எஸ்.ஆர்.டி.எம். காட்டிய சராசரி உயரம் ஏறக்குறைய 2.6 மீட்டர். தரையில் அளந்த மட்டங்களை வைத்து 2019-இல் திருத்திப் பார்த்தபோது அது 0.8 மீட்டர் என்று தெரிந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பேர் வாழும் ஒரு நிலத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் போனது. அதே ஆண்டு கிளைமேட் சென்ட்ரல் ஆய்வாளர்கள் மரத்தையும் கட்டடத்தையும் கழித்துவிட்டு உலகக் கடற்கரைகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள். கடலேற்றத்தால் ஆபத்தில் இருக்கும் மக்கள் தொகை, முந்தைய மதிப்பீட்டைப்போல மூன்று மடங்கானது. மரத்தையும் கட்டடத்தையும் கழித்துக் கோப்பர்நிக்கஸைத் திருத்திய ஃபாப்டெம் என்ற தரவைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்டது. கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதுவும் கணினி கற்றுக்கொண்டு போட்ட ஊகம்தான். எங்கள் வாழையை அது எத்தனை மீட்டர் என்று ஊகித்தது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வாழை மேடாகித் தொல்லை கொடுக்கிறது என்றால், குளத்துக் கரை காணாமல் போய்த் தொல்லை கொடுக்கிறது. மேலே ஒரு வண்டி போகும் அகலமுள்ள கரை முப்பது மீட்டர் பிக்சலில் பாதி உயரம் கரைந்துவிடும், சில இடங்களில் சுத்தமாக மறைந்துவிடும். மாடலில் ஓடும் தண்ணீர் அந்தப் பொத்தல் வழியே சாவகாசமாகப் போய்விடும். மெய்யான தண்ணீர் கரையில் முட்டி ஏறி, பக்கவாட்டில் ஓடி, பலவீனமான இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பாலங்களில் இதற்கு நேர் எதிர். பாலத்தின் தளம் உயரமாகப் பதிவாகி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு அணை முளைத்திருக்கும்.

டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனதை நாடே பார்த்தது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நிலையத்திலும் பக்கத்துப் பள்ளியிலும் தங்கியிருந்தவர்கள் எல்லாரையும் மீட்டு முடிக்க 19-ஆம் தேதி ஆயிற்று. ரயில் பாதை என்பது தண்ணீருக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு கரை. ஒரு பக்கம் தேங்கி, மட்டம் ஏறி, தாங்காத இடத்தில் மறுபக்கம் பாய்ந்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் தரவில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதையின் கரை தெரிகிறதா, அதில் உள்ள சிறு பாலங்கள் தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் அந்த மாடலுக்கு 2023-இல் நடந்ததைத் திரும்பச் சொல்லவே வராது. கரை, பாதை, மதகு, கலிங்கு இவற்றின் மட்டத்தைத் தரையில் எடுத்துத் தரவுக்குள் கையால் பதித்தாக வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது? காசு செலவில்லாத ஒரு வழி எங்கள் பக்கத்தில் இருக்கிறது, குளமில்லாத ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. குளம். நிறைகுளத்தின் தண்ணீர் விளிம்பு என்பது இயற்கையே வரைந்து கொடுத்த சமமட்டக் கோடு. கடம்பாகுளத்தையோ பெருங்குளத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். நிறைந்து கிடக்கும் மார்கழி, தை மாதத்துச் சென்டினல்-2 படத்தில் தண்ணீர் விளிம்பை வரையுங்கள். மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. அந்த விளிம்பை ஒட்டி வெளியே, தரையில் விழும் பிக்சல்களின் உயரத்தை உங்கள் டி.இ.எம்.மிலிருந்து உருவுங்கள். தண்ணீருக்குள் விழும் பிக்சலை எடுக்காதீர்கள், பல தரவுகளில் நீர்ப்பரப்பைச் செயற்கையாகச் சமன் செய்திருப்பார்கள். அந்த எண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது.

ஒரு பேச்சுக்கு, 7-லிருந்து 14 மீட்டர் வரை சிதறிக் கிடக்கிறது, சராசரி 10.6 என்று வைத்துக்கொள்வோம். நீர்வளத் துறையின் டேங்க் மெமாயரில் அந்தக் குளத்தின் கலிங்கு மட்டம் 8.40 என்று இருக்கிறது. இப்போது உங்களிடம் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, தரவு மொத்தமாக 2.2 மீட்டர் தூக்கிக் காட்டுகிறது. இது தரவின் சாய்வு (பயஸ்), கழித்துவிடலாம். மற்றது சிதறல். அது கழித்தாலும் போகாது, அதுதான் உங்கள் தரவின் உண்மையான தரம். பலர் இரண்டையும் ஆர்.எம்.எஸ். பிழை என்ற ஒரே எண்ணில் போட்டு மூடிவிடுகிறார்கள். தனித்தனியாக எழுதுங்கள்.

அத்தோடு நிற்காமல் விளிம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். கரைப் பக்கம் பனை நிற்கும். உள்வாயில் உடைமரம் அடர்ந்து கிடக்கும், வனத்துறை நட்ட கருவை நிற்கும் குளங்களும் உண்டு. ஏதாவது ஒரு பக்கம் மொட்டைத் தரையாக இருக்கும். மொட்டைத் தரையில் சாய்வு அரை மீட்டராகவும் உடைமரத்துக்குள் நாலு மீட்டராகவும் வந்தால், மொத்தச் சராசரியைக் கழித்துவிட்டேன் என்று சொல்வது எவ்வளவு அபத்தம் என்று உங்களுக்கே விளங்கும். மொட்டை நிலத்தை இல்லாத பள்ளமாக்கியிருப்பீர்கள், மரக்காட்டை இன்னும் மேடாகவே விட்டிருப்பீர்கள். அமெரிக்கப் போட்டோகிராமெட்ரி சங்கத்தின் தர விதிகளில் செடிகொடி உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் தனித்தனிக் கணக்குக் கேட்பது இதனால்தான். 2023 பதிப்பில் சோதனைப் புள்ளிகள் குறைந்தது முப்பது வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் அறிக்கைகளில் நான் பார்ப்பது ஐந்து, ஆறு. அதுவும் எல்லாம் தார் ரோட்டில், வண்டியை நிறுத்த வசதியான இடத்தில்.

குளம் ஒரு மட்டத்தில்தான் சோதிக்கும். மற்றவற்றுக்கு இறங்கி அளக்க வேண்டும். ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் புள்ளிகள் 2018-லிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. மரமில்லாத தரையில் நல்ல துல்லியம், ஆனால் அதுவும் நீள்கோள உயரம்தான், மறந்துவிடாதீர்கள். கல்லூரியில் ரோவர் கருவி இருந்தால் கொண்டுவாருங்கள். எதுவும் இல்லையென்றால் சிவில் துறை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஆட்டோ லெவல் போதும். எங்கள் தலைமுறை அதை வைத்துத்தான் வாய்க்கால் வெட்டியது. ஒரு பெஞ்ச்மார்க்கில் ஸ்டாஃபை வைத்துப் பேக் சைட் எடுத்துக் கிளம்பி, சுற்றிவந்து அதே கல்லில் முடியுங்கள். சாதாரண வேலைக்கு அனுமதிக்கும் பிழை, சுற்றின் நீளத்தைக் கிலோமீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 24 மில்லிமீட்டரால் பெருக்கி வருவது. ஒன்பது கிலோமீட்டர் சுற்றினால் 72 மில்லிமீட்டர். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு முக்காலி, வெயிலில் நடக்க இரண்டு பேர் இருந்தால் ஏழெட்டு சென்டிமீட்டருக்குள் மட்டம் கிடைக்கிறது. எத்தனையோ கோடியில் பறந்த செயற்கைக்கோள் மீட்டரில் பேசுகிறது. அது உலகம் முழுக்க அளந்தது, நீங்கள் ஒரு தாலுகாவின் ஒரு மூலையை அளக்கிறீர்கள். அதனதன் வேலை அதற்கு.

பெஞ்ச்மார்க் கல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கி ஓரமாக நட்ட கல் உண்டு. இரண்டு கல்லுக்கு இடையே ஓடிப் பார்த்து, புத்தகத்தில் உள்ள வித்தியாசம் தரையிலும் வருகிறதா என்று சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ட்ரோன் பறக்கவிட்டால் தீர்ந்தது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வரி. ட்ரோன் படம் எடுத்துச் செய்யும் உயரமும் வாழை இலையின் முதுகில்தான் நிற்கும். தரைப் புள்ளிகளை ஓரத்தில் மட்டும் வைத்தால் நடுப்பகுதி குமிழாக வீங்கும். சென்டிமீட்டர் பிக்சல் என்பதால் சென்டிமீட்டர் உயரம் என்று ஆகிவிடாது.

2022-இல் வந்த தேசியப் புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 செ.மீ. துல்லியத்தில் உயர மாதிரி தருவதாகச் சொல்கிறது. வந்தால் இந்த மடலில் பாதி தேவைப்படாது, எனக்கும் சந்தோஷம். அதுவரைக்கும் உங்கள் படம்தான் சுற்றப் போகிறது. வெள்ளத்துக்குப் பிறகு கைப்பேசிகளில் சுற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, தன் மனை வெள்ளையில் இருக்கிறது என்று அஸ்திவாரத்தைத் தாழ்வாகவே போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனையில் 2023-இல் நின்ற தண்ணீரின் கறை பக்கத்துச் சுவரில் என் மார்பளவுக்கு இருக்கிறது. படத்தில் இருந்த கோடு தலைமுடி அளவு மெல்லியது. அந்தத் தரவின் சிதறலை மரியாதையாகக் காட்டியிருந்தால் அந்தக் கோடு கிலோமீட்டர்க் கணக்கில் அகலமான பட்டையாக வந்திருக்கும், அவர் மனை அந்தப் பட்டைக்குள் விழுந்திருக்கும். பட்டையாகவே வரையுங்கள். மூழ்கும், மூழ்காது என்ற இரண்டோடு, சொல்ல முடியாது என்று ஒரு மூன்றாவது நிறத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுகிற பேராசிரியர் முகம் சுளித்தால் இந்த மடலைக் காட்டுங்கள். படத்தின் மூலையில் திசைக் குறிக்குக் கீழே எந்தத் தரவு, எந்தப் பூஜ்யம், எத்தனை புள்ளியில் சோதித்தது, சாய்வு எவ்வளவு, சிதறல் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். ஐந்து வரி இடம் பிடிக்கும்.

நான் சொன்ன சுவர்க் கறைகள் உங்களுக்கு இன்னொரு சோதனை. தண்ணீர் நின்ற உயரத்தை அவை சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்கின்றன. ஒரே தேக்கத்தில் இருந்த நாலு சுவரின் கறைகளை லெவலில் இணைத்தால் நாலும் ஒரே மட்டத்துக்கு வரும். அதிலிருந்து உங்கள் டி.இ.எம். தரையைக் கழித்தால், அங்கே இருந்தவர்கள் கைகாட்டும் ஆழம் வர வேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பதில் பல வீடுகளில் கறை போய்விட்டது. வெள்ளையடிக்காத மோட்டார் ரூம், நெல் கிட்டங்கி, மண்டபத்துப் பின்சுவர் இவற்றில் இன்னும் பாக்கி இருக்கிறது. சுண்ணாம்பு ஏறுமுன் வாருங்கள்.

வருவதென்றால் பங்குனி, சித்திரையில் வாருங்கள். பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும், குளத்தின் உள்வாயில் நடந்து போகலாம், எஸ்.ஆர்.டி.எம். பறந்த பிப்ரவரியில் தண்ணீருக்கு அடியில் கிடந்த தரைக்கும் மட்டம் எடுக்கலாம். ஸ்டாஃப் பிடிக்க ஆள் ஊரிலேயே கிடைக்கும். காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து, பத்தரைக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். அதற்கு மேல் தரையின் கானல் எழும்பி, தொலைநோக்கிக்குள் ஸ்டாஃபின் எண்கள் நெளிய ஆரம்பித்துவிடும். அப்போது எடுத்த ரீடிங் எதுவும் சுற்றில் அடையாது.

அன்புடன்,
ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு பழைய லெவல்காரன்